தாழ்விலும் தளராத விவேகம்: தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி

முன்னுரை

செல்வமும் செல்வாக்கும் நிறைந்திருக்கும் காலத்தில் பணிவோடு இருப்பது அரிது. அவை கைவிட்டுப் போகும் காலத்தில் மனம் கலங்காமல் இருப்பது அதனினும் அரிது. இவ்விரண்டையும் ஒருவர் கைக்கொள்ள வேண்டுமாயின் அவருக்கு விவேகம் வேண்டும். எதனை விட்டுக்கொடுக்கலாம், எதனை விட்டுக்கொடுத்தல் ஆகாது எனப் பகுத்தறியும் ஆற்றலே ஈண்டு விவேகம் எனப்படுகிறது. அவ்வாற்றல் இல்லாதவன் எல்லாவற்றுக்கும் சினந்து தன்னை அழித்துக்கொள்வான்; அல்லது எல்லாவற்றுக்கும் தலையாட்டித் தன்னை இழந்துவிடுவான்.

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்குச் செல்லும் பெருவழியில் அமைந்துள்ள ஊர் ஒரத்தநாடு. அவ்வூரில் யானை, குதிரைச் சிற்பங்கள் அழகு செய்யும் முகப்போடு பழைய சத்திரம் ஒன்று நிற்கிறது. முக்தாம்பாள் சத்திரம் என்பது அதன் பெயர். அதனைக் கட்டியவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. தம் நாட்டின் ஆட்சியுரிமையை இழந்த பின்னர் அவர் எழுப்பிய அறச்சாலை இது. நாட்டை இழந்த மன்னர் ஒருவர் தம்முடைய ஆணை செல்லாத நிலத்தில் வழிப்போக்கர்க்குச் சோறிட முனைந்தது ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் அம்மன்னரின் வாழ்வை முதலிலிருந்து காண வேண்டும்.

நிலையற்ற அரியணை

சரபோஜி 1777ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24ஆம் நாள் போன்சலே குலத்தின் கிளைக்குடும்பம் ஒன்றில் பிறந்தார். அப்போது தஞ்சையை ஆண்டவர் துளஜா மன்னர். அவருடைய ஆட்சிக்காலம் துன்பங்கள் மலிந்த காலமாகும். 1773இல் ஆர்க்காட்டு நவாபின் படைகளும் ஆங்கிலக் கம்பெனியின் படைகளும் சேர்ந்து தஞ்சையைக் கைப்பற்றின. 1776இல் கம்பெனியே நாட்டை மன்னரிடம் திருப்பித் தந்தது. 1781இல் மைசூர்ப் படையெடுப்பு நிகழ்ந்தது. காவிரி பாயும் நெல்வயல்கள் பாழாயின. உழவர் பலர் ஊரைவிட்டு ஓடினர். கடன் பெருகியது. கம்பெனி தந்தது, கம்பெனியே பறித்தது என்னும் நிலையில் தஞ்சை அரியணை ஆடிக்கொண்டிருந்தது.

துளஜா மன்னருக்கு வாரிசு இல்லை. ஆகவே அவர் 1787இல் சரபோஜியைத் தத்து எடுத்துக்கொண்டார். அப்போது சிறுவனுக்கு வயது பத்துகூட நிரம்பவில்லை. டேனிய மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் என்பவர் தஞ்சையில் தங்கிச் சமயப்பணி ஆற்றி வந்தார். அவருடைய நேர்மையில் மன்னருக்கு ஆழ்ந்த நம்பிக்கை இருந்தது. இறக்கும் தறுவாயில் அச்சிறுவனைக் கவனித்துக்கொள்ளுமாறு அவரிடமே மன்னர் வேண்டினார்.

அவ்வாண்டிலேயே துளஜா மன்னர் மறைந்தார். அவருடைய மாற்றாந்தாய்வழி உடன்பிறப்பாகிய அமர்சிங் அரசுப் பொறுப்பை ஏற்றார். தத்து எடுத்தது சாத்திரத்திற்குப் பொருந்தாது எனப் பண்டிதர் சிலர் கருத்துரைத்தனர். அதனை ஏற்றுக் கம்பெனி அமர்சிங்கையே மன்னராக்கியது. அரியணைக்கு உரியவனாகத் தத்தெடுக்கப்பட்ட சிறுவன் அரண்மனையிலேயே காவலில் வைக்கப்பட்டான். நல்ல கல்வி கிடைக்கவில்லை. வெளியே உலவும் உரிமையும் இல்லை. செய்த குற்றம் யாதுமின்றி ஒருவன் அடைந்த முதல் தாழ்வு இதுவாகும்.

சென்னையில் கற்ற பாடம்

சுவார்ட்ஸ் பாதிரியார் சிறுவனின் நிலையைச் சென்னையிலிருந்த கம்பெனி அரசுக்கு இடைவிடாமல் எடுத்துரைத்தார். அதன் பயனாக 1793இல் சரபோஜியும் துளஜா மன்னரின் கைம்பெண்டிரும் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். ஆங்குக் கெரிக்கே பாதிரியார் முதலியோரின் மேற்பார்வையில் சரபோஜி கல்வி பயின்றார். ஆங்கிலமும் கணக்கும் அறிவியலும் அவருக்கு அறிமுகமாயின. தாய்மொழியாகிய மராத்தியோடு வடமொழி, தமிழ் முதலிய மொழிகளிலும் அவர் தேர்ச்சி பெற்றார்.

இப்பருவமே அவருடைய வாழ்வின் திருப்புமுனை எனலாம். அரியணை கைநழுவிய இளைஞர்க்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை எண்ணி எண்ணிப் புழுங்குதல். மற்றொன்று, கிடைத்த காலத்தைக் கல்விக்குப் பயன்படுத்துதல். அவர் இரண்டாவது வழியைத் தேர்ந்தார். அரியணை மீண்டும் கிடைக்குமா என்பது அவருக்குத் தெரியாது. அது பிறர் கையில் இருந்தது. கற்பதோ தம் கையில் இருந்தது. தம் கையில் உள்ளதையும் பிறர் கையில் உள்ளதையும் பிரித்தறிந்த இந்தத் தெளிவு பின்னாளில் அவருக்கு மிகப்பெரிய துணையாயிற்று.

இதற்கிடையில் தத்து பற்றிய வழக்கு மீண்டும் ஆராயப்பட்டது. வேறு பண்டிதர்கள் அது செல்லும் எனக் கூறினர். கம்பெனி தன் முடிவை மாற்றிக்கொண்டது. அமர்சிங் நீக்கப்பட்டார். 1798ஆம் ஆண்டு ஜூன்த் திங்கள் 29ஆம் நாள் சரபோஜி தஞ்சை அரியணையில் அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபது. அவரைக் காத்து வளர்த்த சுவார்ட்ஸ் பாதிரியார் அவ்வாண்டு பிப்ரவரியிலேயே காலமாகிவிட்டார். தம் மாணவர் முடிசூடும் காட்சியைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நாட்டை இழந்த நாள்

முடிசூடிய மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1799ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 25ஆம் நாள் கம்பெனியோடு ஓர் உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்தது. அதன்படி தஞ்சை நாட்டின் ஆட்சி முழுவதும் கம்பெனிக்குச் சென்றது. மன்னருக்கு எஞ்சியது தஞ்சைக் கோட்டையும் அதனை ஒட்டிய சிறு பகுதியுமே. ஆண்டுக்கு ஒரு இலட்சம் நட்சத்திர வராகனும் நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கு அளிக்கப்படும் என முடிவாயிற்று. அமர்சிங்குக்கும் உதவித்தொகை வகுக்கப்பட்டது. அவர் திருவிடைமருதூரில் வாழ்ந்து 1802இல் மறைந்தார்.

அந்நாளின் சூழலை நாம் மறத்தல் ஆகாது. அவ்வாண்டு மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தான் போர்க்களத்தில் வீழ்ந்தார். அக்டோபர் 16ஆம் நாள், அதாவது தஞ்சை உடன்படிக்கைக்கு ஒன்பது நாள் முன்பு, கயத்தாற்றில் வீரபாண்டியக் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். இரண்டு ஆண்டு கழித்து 1801 அக்டோபரில் மருது உடன்பிறப்புகள் திருப்பத்தூரில் அதே முடிவை எய்தினர். எதிர்த்து நின்றோரின் வீரம் தமிழ் மண்ணின் அழியாப் புகழாகும். அவ்வீரத்தோடு ஒப்பிட்டுச் சரபோஜியைக் கோழை எனக் கூறுவோரும் உளர். கம்பெனியின் கைப்பாவை அவர் என்பது அவர்கள் கூற்று. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக மல்லிப்பட்டினத்தருகே கடற்கரையில் அவர் எழுப்பிய மனோரா என்னும் அடுக்குக் கோபுரத்தையும் அவர்கள் சான்றாகக் காட்டுவர்.

இக்குற்றச்சாட்டை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. சரபோஜி விடுதலைப் போராளி அல்லர்; அவரை அவ்வாறு புனைந்துரைப்பது வரலாற்றுக்கு மாறாகும். ஆயினும் அவருடைய நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் அரியணையே கம்பெனியின் தயவால் கிடைத்தது. நாடு கடனில் மூழ்கியிருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை போரால் சிதைந்த மக்கள் மூன்றாவது போரைத் தாங்கும் நிலையில் இல்லை. வெல்லும் வாய்ப்பு இல்லாத போரைத் தொடுத்துக் காவிரி வயல்களை மீண்டும் பாழாக்குவதா என்பதே அவர்முன் நின்ற வினா. இருபத்திரண்டு வயது மன்னர் கையொப்பமிட்டார். அவர் விட்டுக்கொடுத்தது இது. எதனை விட்டுக்கொடுக்கவில்லை என்பதை அடுத்துக் காண்போம்.

பணிந்து கேட்ட உரிமை

உடன்படிக்கை நிறைவேறிய பின்னர் ஒரு சிக்கல் எழுந்தது. தஞ்சையிலிருந்து இராமேசுவரம் செல்லும் வழியெங்கும் சரபோஜியின் முன்னோர்கள் சத்திரங்களை அமைத்திருந்தனர். அவற்றுக்கு மானிய நிலங்கள் இருந்தன. நாட்டின் ஆட்சி கைமாறியதால் இவ்வறச்சாலைகளின் நிலை என்னாகுமோ என்னும் ஐயம் தோன்றியது. 1801ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சரபோஜி தஞ்சையிலிருந்த கம்பெனிப் பிரதிநிதிக்கு ஒரு நீண்ட கடிதம் விடுத்தார். அம்மன்னருடைய உள்ளத்தைக் காட்டும் கண்ணாடி அக்கடிதம்.

அதில் அவர் தம் இழப்பைப் பற்றிப் புலம்பவில்லை. கம்பெனியின் மீது குறை கூறவும் இல்லை. சத்திரங்களில் நாள்தோறும் நடைபெறும் பணிகளை ஒவ்வொன்றாக அடக்கமாக எடுத்துரைத்தார். அந்தணர் முதலாகத் தாழ்த்தப்பட்டோர் ஈறாக எச்சாதியினர் வந்தாலும் உணவு அளிக்கப்படுவதைக் குறிப்பிட்டார். சமைத்த உணவை ஏற்காதவர்க்கு அரிசியும் பிற பொருள்களும் தரப்பட்டன. நள்ளிரவில் மணி அடித்து, உண்ணாதவர் எவரேனும் உளரோ என அழைத்துச் சோறிடும் வழக்கம் இருந்தது. நோயுற்ற பயணிகளுக்கு மருத்துவம் பார்க்கப்பட்டது. கருவுற்ற மகளிர் பேணப்பட்டனர். வழியில் பெற்றோரை இழந்த குழந்தைகள் வளர்க்கப்பட்டுக் கல்வி பெற்றனர். இறந்தோர்க்கு அவரவர் வழக்கப்படி இறுதிக்கடன் செய்யப்பட்டது. இவை அனைத்தையும் விளக்கிய மன்னர், தம் நாடு தரும ராச்சியம் எனப் பெயர் பெற்றதையே தம் பதவிக்குரிய சிறப்புகளுள் தலையாயதாகத் தாம் மதிப்பதாகவும் தெரிவித்தார். எனவே சத்திரங்களும் அவற்றின் நிலங்களும் தம் பொறுப்பிலேயே இருத்தல் வேண்டும் என வேண்டினார்.

மன்னருடைய விவேகம் ஈண்டுத் தெளிவாக விளங்குகிறது. படையும் வரிவசூலும் ஆணையும் போயின. அவற்றுக்காக அவர் வாதிடவில்லை, வாதிட்டாலும் கிடைத்திரா. பசித்தவனுக்குச் சோறிடும் உரிமைக்காகவோ அவர் விடாமல் வாதிட்டார். அதனையும் பணிவோடு, சான்றுகளோடு, எதிரியும் மறுக்க இயலாத முறையில் வாதிட்டார். உரத்த குரலில் கேட்டிருந்தால் மறுக்கப்பட்டிருக்கக் கூடிய உரிமை அமைதியான குரலில் கேட்டதால் கிடைத்தது. சத்திரங்களின் நிருவாகம் மராட்டிய அரச மரபின் இறுதிவரை அரண்மனையின் பொறுப்பிலேயே இருந்தது.

ஒரத்தநாட்டின் அறச்சாலை

இருந்த சத்திரங்களைக் காத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஒரத்தநாட்டில் புதியதொரு சத்திரத்தை எழுப்பினார். தாம் உளமார அன்பு வைத்திருந்த முக்தாம்பாள் என்னும் அம்மையார் இளமையில் மறைந்தபோது, தம் பெயரால் ஓர் அன்னசத்திரம் அமைய வேண்டும் என அவர் விரும்பியதாகவும் அவ்விருப்பத்தை மன்னர் நிறைவேற்றியதாகவும் மரபுவழிச் செய்தி கூறுகிறது. ஊரும் முக்தாம்பாள்புரம் என்னும் பெயரைப் பெற்றது.

இன்று ஒரத்தநாட்டைக் காண்போர் கல்லணைக் கால்வாயின் நீரால் விளையும் பசிய வயல்களைக் காண்பர். அக்கால்வாய் மேட்டூர் அணைத் திட்டத்தோடு 20ஆம் நூற்றாண்டில் வந்ததாகும். சரபோஜியின் காலத்தில் இப்பகுதி காவிரியின் கிளைகள் எட்டாத மேட்டுநிலம். ஏரி, குளங்களை நம்பியே மக்கள் வாழ்ந்தனர். வெயிலில் கால்நடையாக இராமேசுவரம் நோக்கிச் சென்றவர்க்கு ஒரு வேளைச் சோறும் ஒரு குடம் நீரும் எத்துணைப் பெரிய உதவி என்பதை இதனால் உணரலாம். சத்திரத்தோடு கல்விப்பணியும் இணைந்திருந்தது. தம் சொந்தத் துயரைப் பிறர் துயர் தீர்க்கும் பணியாக மாற்றிய மன்னரின் உள்ளப் பக்குவத்துக்கு இவ்வறச்சாலை நிலையான சான்றாகும்.

ஒரத்தநாட்டை அடுத்த கண்ணந்தங்குடியில் ஏழைக் கிறித்தவர்களின் நலனுக்காகவும் அவர் ஓர் அறநிலையம் ஏற்படுத்தினார். தம் ஆசானாகிய சுவார்ட்ஸ் பாதிரியாரின் நினைவே இதற்குத் தூண்டுகோலாயிற்று.

மாறாத நன்றி, மாறாத கொள்கை

சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் மன்னர் கொண்டிருந்த அன்பு அளவற்றது. இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மன் என்பவரைக் கொண்டு பளிங்கில் ஒரு புடைப்புச் சிற்பம் செய்வித்துத் தஞ்சைத் தேவாலயத்தில் நிறுவினார். பாதிரியார் மரணப்படுக்கையில் இருக்க, மன்னர் அவருடைய கையைப் பற்றி நிற்கும் காட்சி அதில் வடிக்கப்பட்டுள்ளது. அரசன் ஆசிரியன் முன் பணிந்து நிற்கும் கோலத்தைக் கல்லில் நிலைக்கச் செய்ய எத்தனை அரசர் உடன்படுவர்? ஆசானுக்காகத் தாமே ஆங்கிலத்தில் ஓர் இரங்கற்பாவும் இயற்றினார்.

ஆயினும் அவர் தம் சமயத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றுவார் என எதிர்பார்த்தோர் இருந்தனர். அவர்கள் ஏமாற்றம் அடைந்தனர். 1803இல் தம் குலவரலாற்றைத் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் மராத்தி மொழியில் நீண்ட கல்வெட்டாகப் பொறிக்கச் செய்தவர் அவர். நன்றி வேறு, கொள்கை வேறு என்னும் தெளிவு அவரிடம் இருந்தது. நன்றிக்காகக் கொள்கையை விடவில்லை. கொள்கைக்காக நன்றியை மறக்கவும் இல்லை.

தமக்கு வேண்டிய அந்த உரிமையைப் பிறர்க்கும் அவர் அளித்தார். சுவார்ட்ஸ் பாதிரியாரின் மற்றொரு மாணவராகிய வேதநாயக சாஸ்திரியார் கிறித்தவக் கவிஞர். அவரை மன்னர் தம் அவையில் வைத்துப் போற்றினார். தம் சமயக் கொள்கைக்கு மாறாகப் பாட அவர் மறுத்தார் என்றும் மன்னர் அதனைப் பொறுத்துக்கொண்டார் என்றும் கவிஞரின் வரலாறு கூறும். நாகூர் தர்காவின் உயர்ந்த மினாராவைக் கட்டுவித்த பிரதாபசிங் மன்னரின் அரியணையில் அமர்ந்தவர்க்கு இப்பொறைக் குணம் முன்னோர் வழி வந்த செல்வம் எனலாம்.

கோட்டைக்குள் ஓர் அறிவுலகம்

ஆட்சிப்பொறுப்பு நீங்கியதால் கிடைத்த ஓய்வை மன்னர் களியாட்டத்தில் கழிக்கவில்லை. நாயக்கர் காலம் முதல் வளர்ந்துவந்த அரண்மனை நூலகமாகிய சரஸ்வதி மகாலைப் பெருக்கினார். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், இலத்தீன் முதலிய மொழிகளில் அச்சான ஆயிரக்கணக்கான நூல்களை வரவழைத்தார். 1820ஆம் ஆண்டு பெரும் பரிவாரத்தோடு காசி யாத்திரை மேற்கொண்டபோதும் வழியில் அரிய வடமொழிச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். 1805இல் தேவநாகரி எழுத்துகளைக் கொண்ட அச்சகம் ஒன்றை அரண்மனையில் நிறுவினார். நவவித்யா கலாநிதி சாலை என்னும் கல்விக்கூடத்தில் பழைய கலைகளோடு புதிய அறிவியலும் இடம்பெற்றது.

தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய மருத்துவம் ஆகிய நான்கு துறை வல்லுநரும் பங்கேற்றனர். ஆராய்ந்து கண்ட மருந்து முறைகள் எளிய தமிழ்ப் பாடல்களாக ஆக்கப்பட்டன. அவை சரபேந்திர வைத்திய முறைகள் என வழங்குகின்றன. கண்நோயாளிகளுக்கு அளித்த சிகிச்சையின் குறிப்புகள் கண்களின் ஓவியங்களோடு எழுதிவைக்கப்பட்டன. அவை இன்றும் சரஸ்வதி மகாலில் உள்ளன. நோயாளியின் நிலையைக் கண்டவாறே எழுதிவைப்பவன் தன் பெருமையை அன்று, உண்மையையே மதிக்கிறான். கற்பவனுக்குரிய பணிவு இதுவாகும்.

கலைகளும் அவருடைய நிழலில் தழைத்தன. பரதக்கலைக்கு இலக்கணம் வகுத்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர் அவர் அவையை அணி செய்தனர். கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியை இயற்றினார்.

1826இல் கல்கத்தாவின் ஆங்கிலப் பேராயர் ஹீபர் தஞ்சைக்கு வந்தார். இழந்த நாட்டைப் பற்றிய கசப்பை எதிர்பார்த்து வருவோர்க்கு அங்கு வியப்பே காத்திருந்தது. வேதியியல், உயிரினங்கள், ஆங்கில இலக்கியம் எனப் பல துறைகளிலும் மன்னர் அவரோடு உரையாடினார். முடிமன்னர் பலரைக் கண்ட தமக்கு இவரைப்போல் அரச கம்பீரம் வாய்ந்த ஒருவர் தென்பட்டதில்லை என்னும் கருத்தை ஹீபர் பதிவு செய்தார். நாடு இல்லாத மன்னரிடம் அரச கம்பீரம் எங்கிருந்து வந்தது? அது கல்வியிலிருந்தும் அடக்கத்திலிருந்தும் வந்தது எனக் கூறுதல் பொருந்தும்.

நிறைவுரை

1832ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7ஆம் நாள் சரபோஜி மன்னர் இயற்கை எய்தினார். அவருக்குப்பின் வந்த மகன் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி மறையவே, எஞ்சியிருந்த கோட்டையையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. உடன்படிக்கையால் மன்னர் தக்கவைத்த அரசுரிமை அறுபது ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. அவருக்குக் கிடைத்த வராகன்களும் செலவழிந்து மறைந்தன. அவர் போற்றி வளர்த்த நூலகமோ 1918இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, உலகெங்குமிருந்து ஆய்வாளரை அழைத்துக்கொண்டிருக்கிறது. ஒரத்தநாட்டுச் சத்திரமும் நிற்கிறது.

விடத் தகுந்ததை விட்டதும், விடலாகாததைக் காத்ததும் எவ்வளவு சரியான கணக்கு என்பதைக் காலம் காட்டிவிட்டது. அவருடைய எல்லா முடிவுகளையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. கம்பெனியைப் புகழ்ந்த மனோராவின் அடியில் நிற்கும்போது நம் நெஞ்சம் சற்றே சுருங்கத்தான் செய்யும். எனினும் இழப்பு நேர்ந்தபோது அவர் கைக்கொண்ட முறை எக்காலத்துக்கும் உரியது. தேர்வில் தோற்ற மாணவனும் வேலை கிடைக்காத இளைஞனும் விளைச்சல் பொய்த்த உழவனும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் இரண்டு உண்டு. என் கையை விட்டுப் போனது எது? என் கையில் இன்னும் இருப்பது எது? முதல் வினாவோடு நின்றுவிடுபவனுக்குச் சினமும் கண்ணீரும் மிஞ்சும். இரண்டாவது வினாவையும் கேட்பவனுக்குப் பணி ஒன்று கிடைக்கும். பணி கிடைத்தவனுக்கு அமைதியும் கிடைக்கும்.

பட்டுக்கோட்டைச் சாலையில் பேருந்தில் செல்லும் மாணவ நண்பர்கள் ஒரத்தநாட்டில் ஒருமுறை இறங்கிச் சத்திரத்தின் முகப்பைப் பார்த்துச் செல்லுதல் நலம். கோட்டைக்கு வெளியே ஆணை செலுத்த உரிமையற்றிருந்த மன்னர் ஒருவர், நள்ளிரவில் மணி அடித்துப் பசித்தவரைத் தேடிய அறமரபின் நினைவு அங்கே நிற்கிறது.